டீவியேட் மீனைத் தின்பதா, சமைப்பதா, விற்பதா?

கேள்வி இதுதான். ஒருவர் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக் என்ற இணைய விளையாட்டில், அதன் இரண்டு எதிரெதிர் அணிகளில் ஒன்றான ஹோர்ட் பக்கம் புதிதாக ஆடத் தொடங்கியிருக்கிறார். பேரன்ஸ் பகுதியில் ஒரு குளத்தில் தூண்டில் போட்டதில் இருபது டீவியேட் மீன்கள் கிடைத்தன. ஒன்றைப் பச்சையாகத் தின்றதும் அவருடைய பாத்திரம் நின்ற இடத்திலேயே தூங்கிவிட்டது. அடுத்ததைத் தின்றால் உடம்பு சிறுத்துப் போனது. மூன்றாவது மீன் நல்லது செய்தது. "இதில் ஏதாவது கணக்கு இருக்கிறதா? நல்ல விளைவு மட்டும் வரும்படி செய்ய முடியுமா? இல்லை, பேசாமல் விற்றுவிடலாமா?" என்று கேட்கிறார்.

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கணக்கு இருக்கிறது, ஆனால் அது உங்கள் கையில் இல்லை. எந்த விளைவு வரும் என்பதை நீங்கள் மீனைத் தின்னும் அந்த நொடியில் சர்வர் தன்போக்கில் தேர்ந்தெடுக்கிறது. நேரம், இடம், எத்தனையாவது மீன் என்பதெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. விற்பது உங்கள் விருப்பம். ஆனால் எல்லாவற்றையும் விற்றுவிடாதீர்கள். இந்த மீனுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அது தெரிந்த பிறகு இதை வெறும் சரக்காகப் பார்க்க உங்களுக்கே மனம் வராது என்று நம்புகிறேன்.

அந்தக் கதையிலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் மீன் ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்பதற்கு விடை அங்கேதான் இருக்கிறது.

பேரன்ஸ் ஒரு வறண்ட சமவெளி. மஞ்சள் புல், ஆங்காங்கே ஒற்றை மரம், நடந்தாலும் நடந்தாலும் தீராத தூரம். அதன் நடுவே மூன்று பசுமையான நீர்நிலைகள்: ஃபர்காட்டன் பூல்ஸ், லஷ்வாட்டர் ஒயாசிஸ், ஸ்டாக்னன்ட் ஒயாசிஸ். இவ்வளவு வறண்ட நிலத்தில் இவ்வளவு பச்சை எங்கிருந்து வந்தது என்று ஆட்டமே உங்களைக் கேட்கவைக்கிறது. கிராஸ்ரோட்ஸ் என்ற ஹோர்ட் ஊரில் டோங்கா ரூன்டோட்டம் என்ற ட்ரூயிட், அதாவது இயற்கை மந்திரம் தெரிந்தவர், நிற்பார், பார்த்திருப்பீர்கள். அவர் தரும் குவெஸ்ட்களை, அதாவது பணிகளை, தள்ளிப் போடாமல் செய்யுங்கள். முதலில் ஃபர்காட்டன் பூல்ஸின் அடியில் குமிழ் விடும் பிளவைப் பார்த்துவரச் சொல்வார். பிறகு ஸ்டாக்னன்ட் ஒயாசிஸின் நீர் விதைகளை என்ன செய்கிறது என்று சோதிக்க அனுப்புவார். அதற்கும் பிறகு, அங்குள்ள ஆமைகளின் உருமாறிய ஓடுகளைக் கொண்டுவரச் சொல்வார். நீரில் ஏதோ கலந்திருக்கிறது, அது உயிர்களை மாற்றுகிறது என்பது ஒவ்வொரு படியாகத் தெரியவரும்.

அந்த மாற்றத்தின் ஊற்று லஷ்வாட்டர் ஒயாசிஸை ஒட்டி இருக்கும் வெயிலிங் கேவர்ன்ஸ் குகை. நாராலெக்ஸ் என்ற நைட் எல்ஃப் ட்ரூயிட், இந்த வறண்ட நிலத்தை மறுபடி காடாக்க நினைத்து அங்கே வந்தவர். எமரால்ட் ட்ரீம் என்ற கனவுலகத்துக்குள் போய் அங்கிருந்து நிலத்தைக் குணப்படுத்துவது அவர் திட்டம். நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கனவு கெட்ட கனவாகிவிட்டது, அவரால் எழுந்திருக்க முடியவில்லை. அவரோடு வந்த சீடர்களில் பலர் மனம் திரிந்து ட்ரூயிட்ஸ் ஆஃப் தி ஃபாங் என்ற கூட்டமானார்கள். குகையில் இருந்த ஓணான், பாம்பு, பிராணிகள் எல்லாம் உருமாறின. அவற்றின் பெயர்களுக்கு முன்னால் எல்லாம் 'டீவியேட்' என்ற அடைமொழி ஒட்டியிருக்கும். பாதை விலகியது, பிறழ்ந்தது என்று பொருள்.

இப்போது உங்கள் பையில் இருக்கும் மீனின் பெயரை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். அதே கனவின் நீரில் வளர்ந்த மீன் அது. தின்றவனைத் தூங்கவைப்பதும், சிறுக்கவைப்பதும், திடீரென்று தெம்பு தருவதும் யாரோ வேடிக்கைக்காகச் சேர்த்த தனித்தனி வித்தைகள் மாதிரித் தெரியலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கனவில் எது எப்போது எதுவாக மாறும் என்று சொல்ல முடியாது. அந்தக் கனவு ஊறிய மீனும் அப்படித்தான் இருக்க வேண்டும். பல ஆட்டங்களில் 'தற்செயல் விளைவு' என்று ஒரு பொருளைத் தூக்கிப் போட்டிருப்பார்கள். அது ஏன் தற்செயலாக இருக்கிறது என்பதற்கு உலகத்துக்குள் ஒரு காரணமும் இருக்காது. இங்கே காரணம் மீனின் பெயரிலேயே இருக்கிறது, அதை யாரும் வாய்விட்டு விளக்குவதும் இல்லை. இதை உணர எனக்கு இரண்டு கேரக்டர் தேவைப்பட்டது. முதல் முறை ஆடியபோது டோங்காவின் குவெஸ்ட்களை வேகமாகக் கிளிக் செய்து கடந்துவிட்டேன், படிக்கவே இல்லை. இரண்டாவது முறை படித்தபோதுதான் மீனும் ஆமையும் குகையும் ஒரே கதை என்று புரிந்தது.

சரி, கதை போதும். விளைவுகளுக்கு வருகிறேன்.

பச்சையாகத் தின்றால் வரக்கூடியவற்றில் முக்கியமானவை: ஸ்லீப்பி வந்தால் தூக்கம். ஷ்ரிங்க் வந்தால் உருவம் சிறுக்கும். ஹெல்தி ஸ்பிரிட் வந்தால் ஸ்பிரிட் கூடும். இன்விகரேட் தெம்பு தரும் வகை. பார்ட்டி டைம் என்று ஒன்றும் உண்டு; அது என்ன என்று நான் சொல்லப் போவதில்லை, நீங்களே தின்று பார்த்தால்தான் நன்றாக இருக்கும். எதுவுமே உங்கள் போர்த்திறனைப் பெரிதாக உயர்த்திவிடாது. எனவே சண்டைக்கு முன் தின்னும் பஃப் (சிறிது நேரம் நீடிக்கும் கூடுதல் பலம்) என்று இதை நினைக்க வேண்டாம். அதைவிட முக்கியம், சண்டை நடக்கும்போதோ எதிரிகள் உலவும் இடத்திலோ தின்னவே தின்னாதீர்கள். தூக்கம் வந்துவிட்டால் கையைக் கட்டிப் போட்ட மாதிரிதான். ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் தாக்கக்கூடிய பிவிபி சர்வராக இருந்தால் இன்னும் கவனம். கிராஸ்ரோட்ஸைச் சுற்றி எதிரணியான அலையன்ஸ் ஆட்கள் திரிவது பழைய வழக்கம், தூங்கும் ஒருவன் அவர்களுக்கு நல்ல வேட்டை.

இனி நீங்கள் கேட்ட கணக்கு. உங்களுக்கு மூன்று மீனில் இரண்டு கெட்டது, ஒன்று நல்லது வந்திருக்கிறது. "அடுத்தது நல்லதாக வர வேண்டிய முறை" என்று மனம் சொல்லும். அது பொய். ஒவ்வொரு மீனும் தனித் தாயம். போன தாயத்தில் என்ன விழுந்தது என்பது அடுத்ததற்குத் தெரியாது. புரிவதற்காக, ஐந்து விளைவுகள், ஐந்துக்கும் சம வாய்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குறிப்பிட்ட விளைவு ஒரு மீனில் வராமல் போக வாய்ப்பு ஐந்தில் நான்கு. ஐந்து மீன் தின்றும் அது ஒருமுறைகூட வராமல் போக வாய்ப்பு ஏறக்குறைய 33 சதவீதம். பத்து மீன் தின்றும் வராமல் போக வாய்ப்பு ஏறக்குறைய 11 சதவீதம். அதாவது பத்து மீன் தின்றும் எதிர்பார்த்தது வராத ஆட்கள் ஒன்பதில் ஒருவர் இருக்கத்தான் செய்வார்கள். அவர்கள்தான் "இந்த மீன் என்னை மட்டும் வெறுக்கிறது" என்று சொல்லித் திரிவார்கள். யாரையும் அது வெறுக்கவில்லை.

நிலா வெளிச்சத்தில் தின்றால் நல்லது வரும், உட்கார்ந்து தின்றால் தூக்கம் வராது என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். எனக்கு ஒரு கில்ட் நண்பர் இருந்தார். குளத்தங்கரையில் நின்று தின்றால் ஷ்ரிங்க் வராது என்று உறுதியாக நம்பினார். அவர் எண்ணிக்கையைக் குறித்துவைக்கவில்லை, நல்லது வந்த தடவைகளை மட்டும் நினைவில் வைத்திருந்தார். நாங்கள் இருவரும் ஆளுக்கு இருபது மீனை எடுத்துக்கொண்டு, பத்தைக் கரையிலும் பத்தை விடுதிக்குள்ளும் தின்று ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்தோம். கரையிலும் சிறுத்தோம், உள்ளேயும் சிறுத்தோம். அவர் நம்பிக்கை போனதே தவிர, அன்று கழிந்த ஒரு மணிநேரம் அந்தக் கேரக்டரோடு நான் கழித்த மிக இனிய நேரங்களில் ஒன்று.

இப்போது மீனின் உண்மையான பெருமைக்கு வருவோம். சமைத்த டீவியேட் மீன்.

இதற்கு சேவரி டீவியேட் டிலைட் என்ற ரெசிப்பி வேண்டும். எந்தக் கடைக்காரரிடமும் பயிற்சியாளரிடமும் இதைத் தேடாதீர்கள். பேரன்ஸிலும் அந்தக் குகையிலும் திரியும் உயிர்களைக் கொல்லும்போது அவை விட்டுப்போகும் பொருட்களில், அதாவது லூட்டில், எப்போதாவது விழும். அரிதுதான். ஆனால் கையில் எடுத்ததும் உங்களோடு ஒட்டிக்கொள்ளும் வகைப் பொருள் இல்லை, அதனால் ஆக்ஷன் ஹவுஸ் என்ற ஏலச் சந்தையில் யாராவது விற்பார்கள். சமையல் திறன் 85 இருந்தால்தான் கற்க முடியும். அப்ரென்டிஸ் நிலை 75-உடன் நின்றுவிடும் என்பதால் அதற்குள் ஜர்னிமேன் சமையலுக்கு மாறியிருக்க வேண்டும். சேர்மானம் ஒன்றும் பெரிதில்லை.

சமைத்ததைத் தின்றால் நீங்கள் ஒரு மணிநேரத்துக்கு நிஞ்ஜா ஆகிவிடுவீர்கள், அல்லது கடற்கொள்ளையர். எது என்பது மறுபடியும் தாயம். இந்த ஆட்டம் வெளிவந்தது 2004 நவம்பரில்; நிஞ்ஜா பெரியவனா, கடற்கொள்ளையன் பெரியவனா என்ற விளையாட்டுச் சண்டை இணையம் முழுக்க ஓடிக்கொண்டிருந்த காலம் அது. அந்தச் சண்டையை ஒரு மீனுக்குள் வைத்துவிட்டார்கள். நிஞ்ஜா வேடத்தின் பஃபுக்குப் பெயர் ஃப்ளிப் அவுட். கொள்ளையர் வேடத்துக்கு யார்ர்ர் என்ற கூச்சலே பெயர். பாத்திரம் ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்து வேடத்தின் உருவமும் மாறும்.

இதில் ஒரு சுவையான விஷயம், வேடம் மனித உருவத்தில்தான் வரும். நீங்கள் டாரன் என்ற எருது போன்ற இனத்தவராக இருந்தால் கொம்பும் குளம்பும் அந்த மலைபோன்ற முதுகும் மறைந்து, ஒரு சாதாரண மனித உயரத்தில் கண்ணுக்குப் பட்டையோ முகத்துக்கு மூடியோ போட்டு நிற்பீர்கள். ஹோர்ட் நகரத்தின் நடுவே மனித உருவம் ஒன்று அலட்டிக்கொள்ளாமல் நடப்பதைப் பார்த்து முதல்முறை நான் வாளை எடுத்துவிட்டேன். பெயர்ப் பலகையின் நிறத்தைப் பார்த்த பிறகுதான் அமைதியானேன்.

பச்சை மீனுக்கும் சமைத்த மீனுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனித்தீர்களா? பச்சையாகத் தின்றால் வருவது உங்களுக்குத்தான் முதலில் தெரியும். சமைத்தால் வருவது பக்கத்தில் நிற்கிறவர்களுக்கு. சமையல் என்ன செய்கிறது என்றால், அந்தக் கனவின் தீங்கைப் போக்கிவிட்டு மாயத்தை மட்டும் மிச்சம் வைக்கிறது. தூக்கம் கிடையாது, சிறுத்தல் கிடையாது. எது வந்தாலும் நல்லதே. தற்செயலை ஒரு ஆட்டத்தில் எங்கே வைக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. இழப்பதற்கு ஒன்றும் இல்லாத இடத்தில், ஆனால் எல்லோரும் பார்க்கும் இடத்தில் வைத்திருக்கிறார்கள்.

இதே ஆட்டத்தில் தற்செயலை நம்பியிருக்கும் வேறு பொருட்களும் உண்டு. ஒப்பிட்டுப் பார்த்தால் மீனின் அருமை தெரியும். டனாரிஸ் பாலைவனத்தில் காட்ஜெட்ஸான் நகரில் மாரின் நாகன்ஃபாகர் என்ற காப்ளின் இருப்பார். அவருடைய குவெஸ்ட்களை முடித்தால் நாகன்ஃபாகர் எலிக்சர் கிடைக்கும். குடித்தால் எலும்புக்கூடாவீர்கள், அல்லது சிறுப்பீர்கள், அல்லது மெதுவாக விழும் தன்மை வரும். அது மீனுக்கு நெருங்கிய உறவு. ஆனால் மெதுவாக விழும் விளைவுக்குப் பயன் இருப்பதால், மலை உச்சியில் நின்று அது வரும்வரை ஒன்றன்பின் ஒன்றாகக் குடிப்பவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். அங்கே தற்செயல் ஒரு தொந்தரவாகிவிடுகிறது. இன்னொரு பக்கம், இன்ஜினியரிங் கற்றவர்கள் செய்யும் இடம்பெயர்ப்புக் கருவிகள். எவர்லுக்குக்கும் காட்ஜெட்ஸானுக்கும் நொடியில் போகலாம், ஆனால் சில நேரம் பிசகும். அவசரமாகப் போக வேண்டியபோது பிசகினால் யாருக்கும் சிரிப்பு வராது. மீன் இந்த இரண்டு சிக்கலுக்கும் வெளியே நிற்கிறது. உங்களுக்கு அதிலிருந்து எதுவும் தேவைப்படுவதில்லை. அதனால் எது வந்தாலும் ஏமாற்றம் இல்லை.

ஒரு வேடம்தான் வேண்டும் என்று அடம் பிடித்தால் அதற்கும் வழி இருக்கிறது. வேண்டாத வேடத்தின் பஃபை வலது கிளிக் செய்து நீக்கிவிட்டு இன்னொன்றைத் தின்னுங்கள். இரண்டுக்கும் சம வாய்ப்பு என்று கொண்டால், வேண்டிய வேடம் வர ஒருவருக்குச் சராசரியாக இரண்டு மீன் போதும். ஐந்து பேர் கொண்ட குழு முழுவதும் கொள்ளையராக வேண்டுமென்றால் சராசரியாகப் பத்து. ஆளுக்கு ஒரே மீன் தின்று ஐவரும் கொள்ளையராக வாய்ப்பு 32-இல் ஒன்று. மோல்டன் கோர் மாதிரி நாற்பது பேர் சேர்ந்து போகும் ரெய்டில், அதாவது பெரிய கூட்டுத் தாக்குதலில், ஆளுக்கு ஒரே மீனில் நாற்பது பேருக்கும் ஒரே வேடம் விழ வாய்ப்பு சுமார் 55,000 கோடியில் ஒன்று. அதனால் பெரிய ரெய்டுகளில் எப்போதும் இரண்டு அணியாகத்தான் பிரிவார்கள். தலைவர் இந்தப் பக்கம், குணப்படுத்துகிறவர்கள் அந்தப் பக்கம் என்று பிரிந்து, முதல் பாஸ், அதாவது முதல் பெரிய எதிரி, வரும்வரை ஒருவரையொருவர் சீண்டிக்கொண்டே நடப்பார்கள். ஆயத்தமாகக் காத்திருக்கும் சலிப்பான இருபது நிமிடத்தை இந்த மீன் காப்பாற்றியதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இப்படி ஆட்கள் மனதில் அது எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்பதற்கு ஒரு சான்று: 2019 ஆகஸ்டில் கிளாசிக் தொடங்கியபோது அமெரிக்கப் பகுதிக்கு ஒதுக்கிய ரோல்பிளே பிவிபி சர்வர் ஒன்றுக்கு டீவியேட் டிலைட் என்றே பெயர் வைத்தார்கள். பெரிய அரசர்கள், டிராகன்கள், போர்கள் என்று ஆயிரம் பெயர் இருக்கும் உலகத்தில் ஒரு சமைத்த மீனுக்கு அந்த இடம் கிடைத்தது. ரோல்பிளே ஆட்கள் கூடும் சர்வருக்கு அந்தப் பெயர் போனதுதான் பொருத்தம், வேடம் போடுவதே அவர்கள் ஆட்டம்.

விற்பனை பற்றிக் கேட்டீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். பச்சை மீனை ரெசிப்பி வைத்திருப்பவர்கள் வாங்குவார்கள். சமைத்ததை மற்றவர்கள் வாங்குவார்கள். ரெசிப்பி அரிது, குளங்கள் இருப்பதோ ஹோர்ட் நிலத்தில். அலையன்ஸ் ஆட்களுக்கு இது எளிதில் கிடைக்காது. பூட்டி பேயிலோ காட்ஜெட்ஸானிலோ இருக்கும் நடுநிலை ஆக்ஷன் ஹவுஸில்தான் அவர்கள் தேட வேண்டும், இல்லையென்றால் பூட்டி பேயிலிருந்து கப்பலேறி ராட்சட் துறைமுகத்தில் இறங்கி தாங்களே தூண்டில் போட வேண்டும். எனவே ரெசிப்பி கையில் இருந்தால், சமைத்ததை நடுநிலைச் சந்தையில் வைப்பது நல்ல யோசனை. ரெசிப்பி இல்லையென்றால் பச்சை மீனைச் சேர்த்து வையுங்கள், அது கெட்டுப்போகாது. இருபது இருபதாக அடுக்கி வங்கியில் போட்டுவிடலாம்.

இன்னும் பிடிக்க விரும்பினால் ஒன்றிரண்டு சொல்கிறேன். இந்த மீன் கூட்டமாகத் துள்ளும் இடம் நீர்மேல் தனியாகத் தெரியும். மிதவை அந்த வட்டத்துக்குள் விழும்படி வீசுங்கள், வெளியே விழுந்தால் வேறு மீனும் வரலாம். தூண்டில் திறன் குறைவாக இருந்தால் மீன் நழுவிப் போகும். ஷைனி பாபிள் ஒன்றைத் தூண்டிலில் மாட்டினால் பத்து நிமிடத்துக்கு 25 கூடும். குகைக்குள்ளும் இந்த மீன் உண்டு, ஆனால் அங்கே போக ஆள் துணை வேண்டும்.

அந்தக் குகையைச் சொன்னதால், உங்கள் பையில் மிச்சம் இருக்கும் பதினேழு மீனுக்கு நான் என்ன செய்வேன் என்று சொல்கிறேன். மூன்றைப் பத்திரமான விடுதியில் பச்சையாகத் தின்பேன், இன்னும் பார்க்காத விளைவுகளைப் பார்ப்பதற்காக. மற்றதைச் சமைக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துச் சமைத்து வாங்குவேன். நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு, ஆளுக்கு ஒன்றைக் கொடுத்து, வேடத்தோடு வெயிலிங் கேவர்ன்ஸுக்குள் போவேன். கோப்ரான், அனகோண்ட்ரா, பைத்தஸ், செர்பென்டிஸ் என்ற நான்கு ஃபாங் தலைவர்களையும் வீழ்த்திய பிறகு, வாசலில் நிற்கும் நாராலெக்ஸின் சீடரிடம் பேசினால் அவர் உங்களைக் குருவிடம் அழைத்துப் போவார். எழுப்பும் சடங்கு தொடங்கும். கனவின் கடைசி விகாரமாக நீரிலிருந்து எழுவது மியூட்டேனஸ், ஒரு பெரிய மர்லாக், பாதி மீன்தான். அது விழுந்ததும் நாராலெக்ஸ் கண் திறப்பார்.

அந்த நேரத்தில் பையில் ஒரு மீனாவது மிச்சம் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அவர் எழுந்து பறந்து போன பிறகு, அந்த நீரோரத்திலேயே உட்கார்ந்து அதைத் தின்றுவிட்டு வாருங்கள்.